பிளக் பாயிண்ட்டுக்கு ஒரு கிரிவலம்

எண்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், பரசுராமன் வீட்டு டேபிள் ஃபேன் அவன் பெண்டாட்டியை அடித்துவிட்டது.

ஏதோ பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அடித்தது. வீட்டுக்குள் கொடி கட்டி ஈரத்துணி காயப்போட்டிருந்த பச்சையம்மாள், காற்று துணிப்பக்கம் போகட்டும் என்று ஃபேனின் கழுத்தைப் பிடித்துத் திருப்பினாள். திருப்பினது வரைக்கும் ஞாபகம் இருந்தது. அப்புறம் பார்த்தால் அடுப்பங்கரை வாசப்படியில் உட்கார்ந்திருந்தாள். நடந்து போய் உட்காரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அந்த நேரம் பார்த்துப் பரசுராமன் சாப்பாட்டுக்கு வந்தான். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழக் கடை வைத்திருப்பவன். சேற்றுக்குப் பயந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, "இன்னாச்சு?" என்றான்.

"ஃபேன் அடிச்சிடுச்சுங்க."

எதையும் தொட்டுப் பார்த்து வாங்குகிற வியாபாரி அவன். ரப்பர் செருப்புக் காலோடு போய் ஃபேனை ஒரு கையால் தொட்டான். இரண்டு கையாலும் தொட்டான். கட்டிக்கூடப் பிடித்தான்.

"எனக்கு அடிக்கலையே" என்றான்.

குடித்தனத்தில் ஒரு புருஷன் சொல்லக்கூடாத வார்த்தைகள் என்று பெரியவர்கள் பட்டியல் போட்டால், இது முதல் வரியில் வரும். பச்சையம்மாள் எழுந்தாள். புடவையைத் தட்டிக்கொண்டாள். ஆணியில் தொங்கின வயர் கூடையை எடுத்தாள்.

"அப்ப நான் பொய் சொல்றேன்."

"அப்பிடிச் சொல்லல. மழ ஈரத்துல ஒடம்பு வெலவெலத்துப் போயிருக்கும்..."

"எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். அந்தச் சுவத்துப் பிளக்குல இருக்கிறது எறங்கினாத்தான் நான் இந்த வீட்ல ஏறுவேன்."

"தீபம் வருதே, பச்சை!"

"மலைமேல ஏத்துற தீபம் கீழ்பென்னாத்தூர்லயும் தெரியும்."

தெரியும்தான். மலை அவ்வளவு உயரம். அவள் பிடிவாதத்தைவிட ஒரு விரற்கடை கம்மி.

அவள் பஸ் ஏறின சேதி, பஸ் கிளம்புவதற்கு முன்பே சந்து முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்து வீட்டு ஜானி பாஷா, குடை ரிப்பேர்க்காரர், மழைக்காலத்தில் ஊரிலேயே சந்தோஷமாக இருக்கிற ஒரே மனுஷன், ஒரு குடைக் கம்பியை வாயில் கடித்தபடி வெளியே வந்தார்.

"இன்னா பரசுராமா, ஊருக்கெல்லாம் தை மாசத்துலதானே திருவூடல்? சாமிகிட்ட கோவிச்சுக்கினு அம்மன் கோயிலுக்குள்ள போய்க் கதவ சாத்திக்கும். உனக்கு ஐப்பசிலயே கொடியேத்திட்டாங்களா?"

"கிண்டல் பண்ணாத பாய். இன்னா செய்யட்டும்?"

"ஒரு எலக்ட்ரீசியன கூப்ட்டு அரை நாள்ல முடிச்சிடு."

அது நல்ல யோசனை. அதனாலேயே பரசுராமன் அதைத் தள்ளிவிட்டான். தன் வாய்க்கு வீட்டில் இப்போது மதிப்பில்லை. நாளைக்கு எவனோ ஒரு எலக்ட்ரீசியன் வந்து சரி பண்ணிட்டான் என்று போய்ச் சொன்னால், அவள் நம்புவாளா? சர்க்கார் மனுஷன் வந்து, பார்த்து, சோதித்து, 'சுவர் சுத்தம்' என்று முத்திரை குத்தினால் நம்புவாள். பரசுராமன் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினான்.

அந்தக் காலத்தில் அந்த ஊரில் 'பழைய வீட்டு மின்கம்பித் தடமறி பரிசோதனைப் பிரிவு' என்று ஒன்று இருந்தது. பாத்திரக் கடை மாடியில் இருந்தது. பழைய வீடுகளில் எந்தக் கம்பி எங்கே போகிறது, எந்தப் பிளக் பாயிண்ட் எதனோடு சேர்ந்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்துச் சோதிப்பது அதன் வேலை. மாடிப்படியில் விளக்கு எரியவில்லை. ஏன் எரியவில்லை என்று பிரிவு தேடிக்கொண்டிருந்தது.

பிரிவு அலுவலர் இராமலிங்கம் நெற்றி நிறைய விபூதியோடு இருந்தார். பரசுராமன் கொண்டுபோன பழச்சீப்பை மேஜைமேல் வைத்ததும், சீப்பைப் பார்த்துப் பேசினார்.

"யாருக்கு அடிச்சது?"

"என் சம்சாரத்துக்கு சார்."

"உங்களுக்கு?"

"எனக்கு... அடிக்கல சார்."

"பாத்தீங்களா! ஒரே ஃபேன், ஒரே வீடு. ஒருத்தருக்கு அடிக்குது, ஒருத்தருக்கு அடிக்கல. அப்ப கோளாறு ஃபேன்லயா, ஆள்லயா?" அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. மின்சாரம் யாரையும் அடிக்கிறதில்ல. அது பாட்டுக்குக் கம்பிக்குள்ள போய்க்கிட்டு இருக்கு. ஜனங்கதான் போய்த் தொடறாங்க. இத்தனை வருஷ சர்வீஸ்ல எனக்கு ஒரு தடவைகூட ஷாக் அடிச்சதில்ல. ஏன்னு கேளுங்க."

"ஏன் சார்?"

"நான் எதையுமே தொட்டதில்ல."

அறையில் இருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். அவர்களும் எதையும் தொடாதவர்கள் என்று மேஜைகளைப் பார்த்தாலே தெரிந்தது.

முதல் பரிசோதனை அடுத்த வாரம் நடந்தது. இராமலிங்கம் குடை பிடித்து முன்னே வர, பின்னே ஏணி, பை, டெஸ்டர், டெஸ்ட் லாம்ப் எல்லாம் சுமந்துகொண்டு தருமன் என்கிற உதவியாளர் வந்தார். நாற்பத்தைந்து வயசிருக்கும். பேசுகிற வேலை மேலதிகாரியுடையது என்பதால் தருமன் வாயைப் பழம் தின்பதற்கு மட்டும் வைத்திருந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் மீட்டர். மீட்டருக்கு ஒரு முழம் இடப்பக்கம் ஒரு தினசரிக் காலண்டர். அதற்கு நாலு எட்டு இடப்பக்கம், ஃபேனைச் சொருகுகிற பிளக் பாயிண்ட். இவையெல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு, சுவரோடு சுவராக ஒரு மரப் பட்டி ஓடியது. அதற்குள்தான் கம்பி.

காலண்டரைப் பார்த்ததும் இராமலிங்கம் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம காலண்டர்! போன ஜனவரி, மின் பாதுகாப்பு வாரத்துல வீடு வீடாப் போய் மாட்டினது. ஞாபகம் இருக்கா?"

நன்றாகவே ஞாபகம் இருந்தது. படத்தில் அண்ணாமலை. மலை உச்சியில் தீபம் எரிய வேண்டிய இடத்தில் ஒரு பல்ப் எரிந்தது. கீழே பொடி எழுத்தில் பாதுகாப்பு யோசனைகள். காலண்டர் கோணலாகத் தொங்கியதால் இராமலிங்கம் குடை நுனியால் நேராக்கினார். பச்சையம்மாள் ஊருக்குப் போன அன்றைய தேதித் தாள் அப்படியே இருந்தது. தேதி கிழிப்பது அவள் வேலை.

"சார், பிளக் பாயிண்ட் இதோ. மீட்டர்லேருந்து இந்தப் பக்கம் நாலு எட்டுதான்."

"எந்தப் பக்கம்?"

"எடது பக்கம் சார்."

தருமன் ஏணியைக் கீழே வைத்துவிட்டார். இராமலிங்கம் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

"அண்ணாமலையில பொறந்துட்டு இடமா சுத்தச் சொல்றீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா? இடமா சுத்துறது எந்தக் காரியத்துக்குன்னு தெரியுமில்ல? சாவுக்கு! மீட்டர்தான் மூலம். மூலத்துல ஆரம்பிச்சு, கம்பிய வலமா சுத்திக்கிட்டே வந்து, வழியில இருக்கிற விளக்கு, சுவிட்சு எல்லாத்தையும் சோதிச்சு, கடைசியா மறுபடி மூலத்துக்கு வரணும். இந்தப் பிரிவு ஆரம்பிச்ச நாள்லேருந்து எந்த வீட்டையும் நாங்க இடமா சோதிச்சதில்ல. அதனாலதான் எங்க கையால இதுவரைக்கும் ஒரு உயிர்ச்சேதம் இல்ல."

"எந்த வீட்டையாவது சோதிச்சு முடிச்சிருக்கீங்களா சார்?"

"அது வேற விஷயம்."

மீட்டருக்குக் கற்பூரம் காட்டினார்கள். வலப்பக்கம் திரும்பினார்கள். வாசல் விளக்கு. அப்புறம் படுக்கிற அறை. அறையில் பத்தாயத்தை நகர்த்த வேண்டும் என்றார்கள். நகர்த்தினால் அதில் இருந்த பெருச்சாளி நகர மறுத்தது. அடுப்பங்கரைக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. ஆபீஸ் நேரம் முடிந்தது. கிளம்புமுன் பிளக் பாயிண்ட்டின் மூன்று ஓட்டையிலும் அரக்கு உருக்கி ஊற்றி முத்திரை வைத்தார்கள்.

"மிச்சத்த நாளைக்குப் பாப்பீங்களா சார்?"

"மிச்சமா?" இராமலிங்கம் சிரித்தார். "பாதி கிரிவலம் வந்துட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினவன், மறுநாள் பாதியிலேருந்து நடந்தா கணக்குல சேருமா? முதல்லேருந்துதான்."

இரண்டாவது பரிசோதனை வெகு விமரிசையாக நடந்தது. அன்று ஊர் முழுக்கக் கரெண்ட் கட். தருமன் டெஸ்டரை வைத்த இடத்திலெல்லாம் டெஸ்டர் குருடாகவே இருந்தது. வாசல் விளக்கில் கரெண்ட் இல்லை. அறையில் இல்லை. அடுப்பங்கரையில் இல்லை. இராமலிங்கம் உருகிப்போனார்.

"அபாரமான வீடு! எங்க தொட்டாலும் அடிக்காது. வீடுன்னா இப்பிடித்தான் இருக்கணும்."

"கரெண்ட் இல்ல சார் இன்னிக்கு."

"அதத்தான் நானும் சொல்றேன். மின்சாரத்தால வர்ற ஆபத்து இல்லவே இல்ல."

பிளக் பாயிண்ட் பக்கம் வருவதற்குள் கரெண்ட் வந்துவிட்டது. எல்லாரும் வெளியே ஓடிவிட்டார்கள்.

இதற்கிடையில் பரசுராமன் ஒரு நடை கீழ்பென்னாத்தூர் போய்ப் பார்த்தான். "பரிசோதனை நடக்குது" என்றான். "முடிஞ்சதா?" என்றாள். "நடக்குது" என்றான். அவள் உள்ளே போய்விட்டாள். மாமியார் மோர் கொடுத்தாள். மாப்பிள்ளைக்குச் சோறு போடாமல் மோர் மட்டும் கொடுத்து அனுப்பினால் அந்தப் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். ஓட்டல் சோறு தின்று தின்று அவன் வயிறு வேறு தனியாக ஒரு ஷாக் அடித்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது தடவை வந்தபோது இராமலிங்கம் வாசலிலேயே நின்றுவிட்டார். சந்தில் ஐந்து வீடுகள் ஒட்டு வீடுகள். ஒரே நீளச் சுவர்.

"நாம நேரா உள்பிராகாரத்துக்குப் போயிட்டோம். வெளிப்பிராகாரம் யார் சுத்துவா? அதான் முடியல."

வெளிப்பிராகாரம் என்றால் ஐந்து வீட்டையும் சேர்த்து ஒரு சுற்று. பின்பக்கம் சாக்கடை, முள்வேலி, ஒரு வீட்டுக்காரர் எருமை. அங்கே வழி அடைத்திருந்ததால் ஜானி பாஷா வீட்டுக்குள் புகுந்து அடுப்பங்கரை வழியாகக் கொல்லைக்குப் போனார்கள். பாஷாவின் மனைவி மெஹ்ருன்னிசா அரிசி களைந்துகொண்டிருந்தவள் முக்காட்டை இழுத்துவிட்டு, "யாருங்க இவங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல," என்றார் பாஷா. "பரசுராமன் ஃபேனுக்கு நம்ம அடுப்பங்கரை வழியா ஊர்வலம் போகுது. ஒதுங்கி நில்லு."

சுற்றி முடித்து வந்தபோது வேட்டியெல்லாம் முள். மணி ஐந்து.

இந்த லட்சணத்தில் கார்த்திகை தீபம் நெருங்கிவிட்டது. பரசுராமன் ஆபீஸ் மாடிப்படி ஏறிப் போய் நின்றான். அவன் நின்ற நிலை இராமலிங்கத்துக்கே என்னவோபோல் ஆகி, வேலூருக்கு எழுதிப்போட்டார். வேலூரிலிருந்து, ஆச்சரியம், பதில் வந்தது. தீபத்துக்கு முந்தின நாள் பெரிய அதிகாரியே மெக்கரோடு வருகிறார்.

மெக்கர் என்பது கம்பியின் யோக்கியதையை அளக்கிற கருவி. கைப்பிடியைச் சுற்றினால் முள் ஆடும். அவ்வளவுதான். ஆனால் மாவட்டத்துக்கு ஒன்றுதான் இருந்தது. சிவப்பு வெல்வெட் விரித்த பெட்டியில், ஜீப்பின் முன் சீட்டில், அதிகாரியின் மடிமேல் உட்கார்ந்து வந்தது. ஊரே உற்சவத்துக்குக் கூடியிருந்த நேரம். பெட்டியைத் தருமன் தலைமேல் தூக்கிக்கொண்டு சந்துக்குள் நுழைந்ததும், செங்கம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு கிழவி எந்தச் சாமி என்று கேட்காமலே கும்பிட்டாள். நாலு பேர் பின்னால் சேர்ந்துகொண்டார்கள்.

வேலூர் அதிகாரி முதலில் வலம் பற்றிச் சந்தேகப்பட்டார்.

"ஏன்யா, இடது பக்கம் கிட்டதானே இருக்கு?"

இராமலிங்கம் அவர் காதில் ஏதோ சொன்னார். அதிகாரி மலையை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். உயிர்மேல் ஆசை இருக்கிற மனுஷன்.

"வலமாவே போகலாம். இதை மாவட்டம் பூரா நடைமுறையாக்கிடலாம்."

அன்று எல்லாம் கூடிவந்தது. கரெண்ட் இருந்தது. பெருச்சாளி இல்லை. வெளிப்பிராகாரம், வாசல், அறை, அடுப்பங்கரை எல்லாம் தாண்டி, மதியத்துக்கு முன்பே கூட்டம் பிளக் பாயிண்ட்டை வந்தடைந்தது. அரக்கைச் சுரண்டினார்கள். ஃபேனைச் சொருகினார்கள். அதிகாரி தரையில் ஒரு பலகை போடச் சொன்னார். பலகைமேல் ரப்பர் பாய். அதன்மேல் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டு அவர். முழங்கை வரைக்கும் ரப்பர் உறை. கையை நீட்டினார். சந்தே மூச்சைப் பிடித்துக்கொண்டது. தொட்டார்.

"எனக்கு அடிக்கலையே!" என்றார்.

கூட்டம் கைதட்டியது. இராமலிங்கம், "அதான் சார், ஆள்ல கோளாறு" என்றார். அதிகாரி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "பொதுமக்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். முறையான பாதுகாப்போடு இருப்பவனை மின்சாரம் ஒன்றும் செய்யாது. ஏழை எளியவர்கள் வீட்டில் துணி காயப்போடும்போதும் சரி, பாத்திரம் கழுவும்போதும் சரி, நாங்கள் எப்படி இருக்கிறோமோ அப்படி இருந்து பழகவேண்டும்" என்றார்.

பரசுராமன் காதில் இதெல்லாம் விழவில்லை. அந்த முதல் வார்த்தை மட்டும் விழுந்து, அங்கேயே கிடந்தது. எனக்கு அடிக்கலையே. எவ்வளவு அழகாக இருக்கிறது, அடுத்தவன் வாயில் கேட்கும்போது! பூட்ஸ் போட்ட காலையும் பார்த்தான், தன் காலையும் பார்த்தான். ரப்பர் செருப்பு. அன்றைக்கும் இதே செருப்பு.

கழற்றினான். ஒரு எட்டு முன்னே வைத்து, வெறுங்காலோடு ஃபேனின் கழுத்தைப் பிடித்தான்.

சந்து ஜனங்கள் பிறகு வெகுநாள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பரசுராமன் நடக்கவில்லை, ஓடவில்லை, பறந்தான் என்றும் சொல்லமுடியாது. ஆனால் அடுத்த கணம் அடுப்பங்கரை வாசப்படியில் உட்கார்ந்திருந்தான். தலைமயிர் நட்டுக்கொண்டிருந்தது. முகத்தில், முருகா, அப்படி ஒரு ஆனந்தம்.

"அடிச்சிடுச்சு!" என்று கத்தினான். "எனக்கும் அடிச்சிடுச்சு, பாய்!"

"முபாரக்" என்றார் ஜானி பாஷா.

"இது செல்லாது," என்றார் அதிகாரி. "அனுமதி இல்லாமல் தொட்டிருக்கிறார். கணக்கில் எடுக்க முடியாது."

பரசுராமன் அங்கே இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிக்கொண்டிருந்தான்.

தீபத்துக்கு முந்தின நாள் உலகம் முழுக்கத் திருவண்ணாமலைக்கு வரும். திருவண்ணாமலையிலிருந்து வெளியே போகிறவன் ஒருத்தன்தான் இருந்தான். காலி பஸ்ஸில் கண்டக்டர் அவனைச் சந்தேகமாகப் பார்த்தார். வருஷத்திலேயே வாழைப்பழம் பறக்கிற நாள் அன்றுதான். கடை பூட்டிக் கிடந்தது.

பச்சையம்மாள் முற்றத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே வந்து நின்றவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எனக்கும் அடிச்சிடுச்சு" என்றான்.

கை நின்றது. "எப்ப?"

"இப்பத்தான். அப்பிடியே தூக்கிக்கினு போய் வாசப்படியில வெச்சிடுச்சு."

"எந்தப் படி? நான் உக்காந்தேனே, அந்தப் படியா?"

"அதே படி."

மல்லாட்டைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தாள். அவன் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "நல்லா அடிச்சுதா?" என்று கேட்டாள், சாப்பிட்டியா என்று கேட்கிற குரலில்.

"நல்லாவே."

"இத வந்து சொல்ல இத்தினி நாளா?"

"செருப்பக் கழட்ட இத்தினி நாளாயிடுச்சு."

அவள் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் உள்ளே போய் வயர் கூடையோடு வந்தாள். "சுவரு சரியாச்சா?"

"இல்ல."

"பரவால்ல. ரெண்டு பேருக்கும் அடிச்சா நாயம்தான். வாங்க."

பஸ்ஸில் நிற்க இடமில்லை. படியில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். வீட்டில் அதிகாரிகள் இன்னும் இருந்தார்கள். பிளக் பாயிண்ட்டுக்கும் மீட்டருக்கும் நடுவே நாலு எட்டு பாக்கி. அதைச் சாப்பாட்டுக்கு முன்பு முடிப்பதா, பின்பு முடிப்பதா என்று பேச ஆரம்பித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, பரசுராமன் வைத்துவிட்டுப் போன பழத்தாரில் கடைசிச் சீப்பில் இருந்தார்கள்.

பச்சையம்மாள் யாரையும் பார்க்கவில்லை. நேராகக் காலண்டரிடம் போனாள்.

"இது இன்னாங்க? நான் போன அன்னியோட நின்னு கெடக்குது? ஒரு தாள் கிழிக்கக்கூடக் கை வரலையா?"

"நீ கிழிக்கிறது" என்றான் பரசுராமன், மெதுவாக.

ஒரு கட்டுத் தாளைச் சேர்த்துக் கிழித்தாள். இழுத்த வேகத்தில் காலண்டர் கயிற்றோடு கழன்று கையில் வந்துவிட்டது. பின்னால் சுவரில், மரப் பட்டியின் நட்டநடுவில், ஒரு மூன்றங்குல ஆணி. ஆணியைச் சுற்றி மரம் தோசைக்கல் மாதிரி கறுத்திருந்தது.

"இதென்ன, தீஞ்சு கெடக்குது?"

தருமன் பழத்தைக் கீழே வைத்தார். டெஸ்டரை எடுத்து ஆணியின் தலையில் வைத்தார். டெஸ்டருக்குள் விளக்கு ஜோராக எரிந்தது. அத்தனை நாளில் அவர் முதல்தடவையாகப் பேச வாய் திறந்தார்.

"ஆணி கம்பியக் கடிச்சிருக்குது சார். காஞ்ச நாள்ல சும்மா இருந்திருக்கும். மழையில பட்டி ஊறினதும் எர்த் கம்பி வழியா ஃபேன் ஒடம்புக்குப் பாஞ்சிருக்குது."

"எடுக்காதே!" என்று இராமலிங்கம் அலறினார். "பரிசோதனை இன்னும் அந்த இடத்துக்கு வரல!"

"நான் வந்துட்டேன்" என்றாள் பச்சையம்மாள். "ஏம்பா, மெயின அணை."

அதட்டிச் சொன்னால் செய்கிற பழக்கம் தருமனுக்கு. மெயினை அணைத்தார். பரசுராமன் குறடு போட்டு ஆணியைப் பிடுங்கினான். தருமன் பட்டியைத் திறந்து, கடிபட்ட கம்பிகளுக்குக் கறுப்பு டேப் சுற்றி மூடினார். மெயினைப் போட்டார்கள். ஃபேன் சுற்றியது. பச்சையம்மாள் வெறுங்காலோடு போய் அதன் கழுத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கு அடிக்கலையே" என்றாள், புருஷனைப் பார்த்து.

வேலூர் அதிகாரி காலண்டரை வாங்கிப் பார்த்தார். மலை. பல்ப். கீழே பொடி எழுத்தில் முதல் யோசனை: 'மின்கம்பி செல்லும் இடங்களில் ஆணி அடிக்காதீர்.'

"இந்த ஆணி யார் அடிச்சது?"

இராமலிங்கம் கொஞ்சமும் கலங்கவில்லை. "நான்தான் சார், தருமன் கையால. பாதுகாப்பு வாரத்துல அடிச்சது. மீட்டர்லேருந்து ஒரு முழத்துல மாட்டணும்னு உத்தரவு. அடிச்சப்ப அது பாதுகாப்பான ஆணி. அதுக்கப்புறம் இந்த வீட்ல இருந்து கெட்டுப்போயிருக்கு."

அதிகாரி ஒப்புக்கொண்டார். குறை, பரிசோதனை அதை அடைவதற்கு முன்பே புகார்தாரரின் மனைவியால் அப்புறப்படுத்தப்பட்டுவிட்டதால், குறை ஏதும் காணப்படவில்லை என்று முடிவானது. ஆணியைச் சர்க்கார் சொத்து என்று வெல்வெட் பெட்டியில் மெக்கருக்குப் பக்கத்தில் வைத்து எடுத்துப் போனார்கள்.

மறுநாள் சாயங்காலம் மலைமேல் தீபம் ஏறியபோது பரசுராமனும் பச்சையம்மாளும் மொட்டைமாடியில் நின்று பார்த்தார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து பார்ப்பதைவிட இங்கிருந்து கொஞ்சம் பெரிசாகத் தெரிகிறது என்று அவளே சொன்னாள்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சர்க்கார் காரியம் எதுவும் ஒரு சுற்றோடு முடிவதில்லை.

தை பிறந்தது. திருவூடல் முடிந்த கையோடு ஒரு காலையில் வாசலில் குடை நிழல் விழுந்தது. இராமலிங்கம். கையில் சுருட்டின புதுக் காலண்டர். பின்னால் தருமன், ஒரு கையில் சுத்தியல், இன்னொரு கையில் ஆணி. போன வருஷத்து ஆணியைவிட அரை அங்குலம் நீளம்.

"பாதுகாப்பு வாரம்" என்றார் இராமலிங்கம், மலர்ந்த முகத்தோடு. "மீட்டருக்குப் பக்கத்துல, அதே எடம். உத்தரவு."

பச்சையம்மாள் ஆணியில் தொங்கிய வயர் கூடையை ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள்.

பரசுராமன் கை கூப்பினான். இவ்வளவு மரியாதையாக அவன் எந்தச் சாமியையும் கும்பிட்டதில்லை.

"தாராளமா மாட்டுங்க சார். நல்ல காரியம். ஆனா வாசல்லேருந்து நேரா வந்தீங்கன்னா, மீட்டரத் தாண்டி எடது பக்கமா இல்ல போகவேண்டியிருக்கும்?"

இராமலிங்கம் தூக்கின காலை அப்படியே நிறுத்தினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நல்லவேளை ஞாபகப்படுத்தினீங்க. ஒரு நிமிஷத்துல மகாபாவம் பண்ணியிருப்பேன்."

குடையை உயர்த்திப் பிடித்தார். தருமன் பின்தொடர, ஐந்து வீட்டையும் வலமாகச் சுற்றிவரப் புறப்பட்டார். சாக்கடை தாண்டி, முள்வேலி தாண்டி, எருமையிடம் அனுமதி கேட்டு, வேட்டி நிறைய முள்ளோடு அவர் திரும்பி வந்தபோது பரசுராமன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே டேபிள் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. நடுவில் ஒரு சிரிப்புச் சத்தமும்.

இராமலிங்கம் கதவைத் தட்டலாமா என்று பார்த்தார். எதையும் தொட்டுப் பழக்கமில்லை.

பக்கத்து வாசலில் ஜானி பாஷா ஒரு குடைக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்: "உள்ள சாத்திட்டாங்க சார். மேற்கொண்டு ஒரு சுத்து வந்து பாருங்க."

இராமலிங்கம் யோசித்தார். முறைப்படி அதுதான் சரி என்று பட்டது. தருமன் சுத்தியலைக் கை மாற்றிக்கொண்டார்.